தலைவாசலில் நின்ற ரம்பம்

ஜூன் 2, ஞாயிறு

இட்லியில் மரத்தூள். எனக்கு எதுவும் தெரியவில்லை, அம்மாதான் கண்டுபிடித்தாள். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு துணுக்கை விரல்நுனியில் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன அம்மிணி?"

"தேக்கும்மா."

"போன வாரம் சட்னில கெடந்தது?"

"வேம்பு. அது உடம்புக்கு நல்லது."

அம்மா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு இடது கன்னம் கொஞ்சம் உள்ளே போகும். போனது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"இருவத்திமூணாந்தேதி ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு ஒறம்பரை வருது. அன்னிக்கு இந்த முன்ரூம்பு மனுசங்க உக்கார்ற ரூம்பாட்டம் இருக்கோணும். இல்லீன்னா பெரியம்மாகிட்டச் சொல்லிப்போடுவேன். திருப்பூர்ல இருந்து உங்கண்ணன் வேன் எடுத்துட்டு வந்து இந்த மெஷின ஏத்திட்டுப் போகட்டும்."

பெரியம்மாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடித்துக்கொடுக்கிறான். என் டேபிள் சாவின் மேல் அவனுக்குப் பிப்ரவரியிலிருந்தே கண். மூடிப்போன ஒரு ஃபர்னிச்சர் கடையிலிருந்து நான் வாங்கியது அது. சின்ன இரும்பு மேசை. நடுவில் ஒரு வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். வாங்கிய நாள்முதல் முன்னறையின் தரையில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வாரநாட்களில் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன். சனி ஞாயிறுகளில் அலமாரி செய்கிறேன். மூன்று செய்திருக்கிறேன், மூன்றும் தோழிகளுக்கு. இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் கை எட்டுகிற உயரத்தில் புத்தக அலமாரிகள் கேட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. மெஷின் போனால் அதுவும் போகும்.

"யாரும்மா ஒறம்பரை?"

"வர்றப்பத் தெரியும்."

சமையலறைக்குப் போய், மூடியிருந்த உப்பு ஜாடியைத் திறந்து மறுபடி மூடினாள். இருபத்தெட்டு வயதுப் பெண் இருக்கும் வீட்டுக்குப் பெயர் சொல்லாத விருந்தாளி வருகிறார் என்றால், அதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஜூன் 3, திங்கள்

மெஷினை ஏன் கார் ஷெட்டிலேயே வைக்கக்கூடாது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். வாசலுக்கு வெளியே ஷெட் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் மேலே கூரை மட்டும். சுற்றிச் சுவர் கிடையாது. இந்த மாதத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும். ஒரே வாரத்தில் இரும்பு சிவந்துவிடும்.

ஆகவே: சக்கரம். மெஷினை ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார வைக்க வேண்டும். பெட்டிக்கு நான்கு சக்கரம். உள்ளே மரத்தூள் விழ ஒரு டிராயர், கருவிகளுக்கு இன்னொன்று. காலையில் தலைவாசல் வழியாக ஷெட்டுக்கு உருட்டிக்கொண்டு போய் அங்கே வேலை. சாயங்காலம் உள்ளே கொண்டுவந்து மூலையில் நிறுத்தி மேலே ஒரு துணி. தூள் வெளியே, அறை அம்மாவுக்கு, மெஷின் எனக்கு. வரைந்து பார்த்தேன். அழகாகவே இருந்தது.

வாசல் அகலத்தை டேப் வைத்து அளந்தேன். பிறகு சந்தேகம் வந்து மறுபடி. காபி குடித்துவிட்டு இன்னொரு முறை. பெட்டி தாராளமாகப் போகும்.

நான் வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால் அதுவும் என்னுடன் உருண்டு வரும் என்பது கூடுதல் வசதி.

ஜூன் 5, புதன்

பிளைவுட் வந்தது. அரை நாள் விடுப்பு எடுத்து உக்கடத்தில் ஒரு கடையில் சக்கரம் வாங்கினேன்.

"எதுக்குங்க, மாவு மிஷினுக்கா?"

"இல்லீங்க."

"டிஃபன் வண்டி போடறீங்களா?"

"இல்லீங்க."

"வயசானவங்க கட்டிலுக்கா?"

"ரம்பத்துக்குங்க."

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். எடுத்து வைத்திருந்த சக்கரங்களை உள்ளே தள்ளிவிட்டு, பிரேக் வைத்தவற்றை எடுத்து வைத்தார். வேறெதுவும் கேட்கவில்லை. பேரம்கூடப் பேசவிடவில்லை, அவரே குறைத்துவிட்டார்.

ஜூன் 8, சனி

ரம்பம் இன்று தன் வீட்டைத் தானே அறுத்தது. மெஷின் தரையில், நான் குத்த வைத்து, பிளைவுட் பலகை எங்களிருவரையும்விடப் பெரியது. அறுபடும் பலகையை மறுபக்கம் ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் கடைசி விரற்கடையில் சாய்ந்து உடைந்துவிடும். அம்மாவைக் கூப்பிட்டேன். நைட்டிக்கு மேல் என் பழைய சட்டை, வாய்க்கு முகமூடி, மூக்குக்கண்ணாடியுடன் வந்து சேர்ந்தாள். பலகையின் முனை வெளியே வர வர இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், பிரசவ அறையில் நர்ஸ் வாங்குவது போல.

"தலை வந்துருச்சு. இரு, மெதுவா. ம், ஆச்சு."

ஒவ்வொரு பலகைக்கும் இதே வர்ணனை. மெஷின் ஓடாத இடைவெளிகளில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். அம்மா பாடி நான் கேட்டதில்லை. சுருதி பரவாயில்லை.

நான் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு மூலைமட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"ஏனம்மிணி, ஊட்ல இன்னொராள் இருந்தா உனக்குச் சிரமமா இருக்குமா?"

"எவ்வளவு எடம் அடைக்கும்?"

அம்மா நிஜமாகவே யோசித்தாள்.

"ஒரு சேர் போட்டாப் போதும்."

வீட்டோடு மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று கொஞ்சம் நெகிழ்ச்சியாகவும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. கடைசிப் பலகை ஒரு நூல் கோணலாகப் போனது.

ஜூன் 9, ஞாயிறு

பசை, ஸ்க்ரூ, கிளாம்ப். பெட்டி எழுந்து நின்றுவிட்டது. மேலே ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவில் நிற்கிறது. மனிதர்களை இப்படிச் சரிபார்க்க முடிவதில்லை.

ஜூன் 12, புதன்

காலை நடைக்குப் போன அம்மா போனை மறந்து வைத்துவிட்டாள். அவளுடைய பள்ளியிலிருந்து இரண்டு அழைப்பு. அம்மா அங்கே அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், சேர்க்கை நேரம். எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன்.

பூங்காவில் புதிதாக மர பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். கவனித்துச் செய்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். உட்காரும் பலகைகளுக்கு நடுவே மழைநீர் வடிய ஒரே அளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூ தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்து, மேலே மரத்தாலேயே மூடி போட்டிருக்கிறது. கைப்பிடியின் விளிம்பை உருட்டி இழைத்திருக்கிறார்கள். அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சில் மட்டும் வலது கால் கொஞ்சம் குட்டை. யாராவது அசையும்போது லேசாக ஆடுகிறது. அம்மா சிரித்தபோது ஆடியது. பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் சுளையின் மேலிருந்த வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுத்துவிட்டு அவளிடம் நீட்டியபோதும் ஆடியது. ஒரு சின்ன ஆப்பு வைத்தால் சரியாகிவிடும்.

போனைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். பள்ளியில் இருந்து கூப்பிட்டார்கள் என்று அம்மா வந்தபிறகு சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. டிராயருக்கு அடிப்பலகை போட்டேன்.

ஜூன் 15, சனி

கீழ் டிராயர் மக்கர் செய்கிறது. பாதி வந்து நின்றுகொள்கிறது. இரண்டு பக்கமும் இழைத்து, மெழுகுவத்தி தேய்த்தேன். இப்போது தொட்டாலே ஓடி வருகிறது, பெட்டியைச் சாய்த்தால் தானே கீழே விழும் அளவுக்கு. இழைத்ததை இனி கூட்டவும் முடியாது. ஒரு கொக்கி வைக்க வேண்டும்.

பெரியம்மா போன் செய்தாள். அம்மாவுக்கு அக்கா, எங்கள் குடும்பத்தில் எதுவும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது, நடந்தால் அது நடந்ததாகக் கணக்கில்லை.

"ஏம்புள்ள மேகலா, இருவத்திமூணு ஒறம்பரை வருதாமா? உங்கம்மா வாயத் தொறக்க மாட்டீங்கறா. மாப்பிள்ள எந்த ஊராம்?"

"எனக்கும் சொல்லலீங் பெரியம்மா."

"ரம்பத்த மொதல்ல அப்புறப்படுத்து. மருமக கையில கரண்டி இருக்கோணும். பிளேடோட நின்னா எவன் கட்டுவான்?"

"கரண்டியும் செய்வேன் பெரியம்மா. மாமரத்துல நல்லா வரும்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. கூப்பிடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை தான் வந்து நிற்கப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஹோப்ஸ் பக்கம் வாடகைக்கு ஒரு அறை பார்த்தேன். மாடியில், ஒற்றை அறை. மெஷினுக்கு இடமிருக்கிறது, எனக்கு இல்லை. சும்மாதான் பார்த்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

ரஷ்ய நாவல்களில் ஒரு விருந்தாளி வந்து சேர அறுபது பக்கம் ஆகும். அதற்குள் வீட்டிலிருப்பவர்கள் நாலு தடவை சண்டை போட்டு, இரண்டு தடவை அழுது, ஒரு தடவை காய்ச்சலில் விழுவார்கள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை. நான் பெட்டிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சேலை வாங்கி வந்திருக்கிறாள்.

தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கத்தரிப்பூ நிறம், மெல்லிய கரை.

"எனக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்குமா? வயசுக்கு மீறித் தெரியுதா?"

"வயசுக்குச் சரியாத்தான் இருக்குது."

"எந்த வயசுக்கு?"

"இப்ப இருக்கற வயசுக்கு."

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எனக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்கவில்லை. பெண் பார்க்க வரும்போது பெண்ணுக்குத்தான் சேலை எடுப்பார்கள் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. என்னிடம் பட்டுச்சேலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

வார்னிஷ் இன்னொரு கை வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் தலைவாசல் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது என் வேலை. அப்பா இறந்தபின் இந்த ஒன்பது வருடமாக அப்படித்தான். அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து என்னிடம் நீட்டிவிட்டு ஓர் அடி பின்னால் நிற்பாள். இப்படிச் செய் என்று யாரும் அவளிடம் சொன்னதாக நினைவில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்னதாகவும் நினைவில்லை.

இன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மாவே பூசி முடித்திருந்தாள். மூன்று குங்குமப் பொட்டு, ஒரே அளவில்.

எனக்கு ஒரு வேலை மிச்சம்.

ஜூன் 22, சனி

முடிந்தது! சக்கரங்களைப் பூட்டி, மெஷினை மேலே ஏற்றி, கீழ் டிராயர் வழியாகக் கையை விட்டு போல்ட்டுகளை முடுக்கினேன். தள்ளிப் பார்த்தேன். அந்த எடையும், இரும்பும், இரண்டு டிராயர் நிறையக் கருவிகளும் சொன்ன பேச்சுக் கேட்டு நகர்கின்றன. அம்மா ஒற்றை விரலால் தள்ளினாள். சுவர்வரை போய், சுற்றி, திரும்பி வந்தாள்.

"எம்மாடி, இது நம்ம பேச்சக் கேக்குதே!"

பிறகு நான் தள்ளினேன். பிறகு மறுபடி அம்மா. அரை மணி நேரம் முன்னறையில் ரம்பத்தை உருட்டி விளையாடினோம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் செய்தால் நானே போய்ச் சத்தம் போட்டிருப்பேன்.

வெளியே சாரல். ஷெட்டுக்கு நாளை கொண்டுபோனால் போதும்.

ஜூன் 23, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குப் பெரியம்மா மல்லிகைப்பூவும் வெற்றிலையுமாக வந்து இறங்கினாள். மூலையில் நின்ற மெஷினைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னும் இது இங்கயேவா இருக்குது?"

"இப்ப வெளிய போயிரும் பாருங்க பெரியம்மா."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். தலைவாசலின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அது வழவழவென்று போய் 'டொக்' என்று நின்றது.

நிலைப்படி.

வாசலின் அகலத்தை அளந்தேன். உயரத்தை அளந்தேன். கதவு திறக்கும் கோணத்தைக்கூட வரைந்து வைத்திருந்தேன். வாசலுக்குக் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குத் தேக்குக் கட்டை ஒன்று கிடக்கிறது என்பது என் கண்ணிலேயே படவில்லை. அதை மிதிக்கக்கூடாது, அதனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காலைத் தூக்கி வைத்துத் தாண்டுகிறேன். பால் பாக்கெட்டோடு, குடையோடு, புத்தகம் படித்துக்கொண்டே. கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். இத்தனைக்கும் வாரா வாரம் அதன் முன்னால் குனிந்து மஞ்சள் பூசியவள் நான்தான். சக்கரத்துக்கு இந்த வளர்ப்பெல்லாம் கிடையாது.

மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. "முன்னால மட்டும் தூக்கி விட்டாப் போதும், அப்புறம் அதுவே எறங்கிரும்" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். இருவருமாக முன்பக்கத்தைத் தூக்கித் தள்ளினோம். முன்சக்கரங்கள் படியைத் தாண்டின. உடனே பெட்டியின் வயிறு நிலைப்படியின் மேல் உட்கார்ந்துகொண்டது. வெளியே வாசல் தாழ்வு, அதனால் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. தள்ளினால் போகவில்லை. இழுத்தால் வரவில்லை. மெஷினைக் கழற்றலாம் என்றால், போல்ட்டுக்குக் கை விட வேண்டிய டிராயர் கதவுநிலைக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. அது திறக்காது.

"தலவாசல்ல போய் மெஷின உக்கார வெச்சிருக்கீங்களே! லட்சுமி வர்ற வழி இது!" என்றாள் பெரியம்மா.

"ஓரமா ஒரு சாண் எடமிருக்குதுங் பெரியம்மா. லட்சுமி ஒல்லிதான."

"வாயப் பாரு. ஒறம்பரை எப்படி உள்ள வரும்?"

"பின்வாசல் வழியாக் கூட்டிட்டு வந்தறலாமா?"

"மாப்பிள்ள ஊட்டுக்காரங்களப் பாத்திரம் கழுவற சந்து வழியாவா?"

அம்மா, "பின்வாசல் வேண்டாம்" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் அடங்கிவிட்டோம். கத்தரிப்பூச் சேலையில் முன்கொசுவத்தை நீவிக்கொண்டே நின்றாள்.

சரியாக நாலு மணிக்கு வெளிக்கதவுக் கொண்டி சத்தம் கேட்டது.

வந்தவர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கையில் ஹெல்மெட்டும் ஒரு துணிப்பையும். செருப்பை ஷெட்டின் ஓரத்தில் ஜோடியாகச் சேர்த்து விட்டார். நிமிர்ந்தார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ரம்பம். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள்.

"வணக்கமுங்க" என்றார், ரம்பத்தைப் பார்த்து.

பெரியம்மா சமாளித்துக்கொண்டாள். "வாங்க, வாங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க, பொண்ணு கொஞ்சம் வெளையாட்டுப் புத்தி. மாப்பிள்ளையோட அப்பாங்களா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ரம்பத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள வண்டி நிறுத்தறாருங்களா?"

"நான் மட்டுந்தானுங்க வந்தேன்."

"அப்ப மாப்பிள்ள?"

"அக்கா" என்றாள் அம்மா. "இவர்தான்."

பெரியம்மா அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பரவிய திகிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நம்ம மேகலாவுக்கா?"

"எனக்கு" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைத் தும்மலாக மாற்றினேன். மரத்தூள் இருக்கும் வீட்டில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பெரியம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"ருக்கு, இந்த வயசுலயா?"

"அம்பத்திரண்டு. எனக்கொண்ணும் கொறையில்லக்கா. வேலை இருக்குது, ஊடு இருக்குது, புள்ள பொழைச்சுக்குவா. காலைல நடக்கறப்பப் பேசறதுக்கு ஒரு ஆள் கெடைச்சாரு. ஊட்டுக்கு வந்தும் பேசோணும்னு இருக்குது. அவ்வளவுதான்." மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னாள். "பேரு குழந்தைவேலு. பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு சம்சாரம் தவறி ஆறு வருசமாச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாப் போதும்னு இருக்கறோம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உன்கிட்டச் சொல்லோணும்னு தெனமும் நெனப்பேன் அம்மிணி. நீ ஸ்க்ரூ முடுக்கிட்டே இருப்ப. மெஷினக் குடுத்தர்றேன்னு சும்மா மெரட்டுனேன். ரெண்டு சேர் போட எடமில்லாத ரூம்புக்கு ஒரு மனுசன எப்படி வரச்சொல்றது? இப்பவும் ஒண்ணுமில்ல. நீ வேண்டாம்னா வேண்டாம். அவர்கிட்டயும் அதையத்தான் சொல்லிருக்கறேன்."

நான் பன்னிரண்டாம் தேதியிலிருந்து யோசிக்காமல் இருந்த எல்லாவற்றையும் இப்போது நின்ற நிலையில் யோசிக்க வேண்டியிருந்தது. அப்பா. ஹோப்ஸில் பார்த்த அறை. இந்த வீட்டில் நான் எவ்வளவு இடம் அடைக்கிறேன், இன்னும் எவ்வளவு நாள் அடைக்கலாம். இந்த வீட்டை விட்டு உருண்டு போவதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டுச் சக்கரம் வைத்தேனா என்பது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரும் என் முகத்தைப் பார்ப்பது பிடிக்காது.

வெளியிலிருந்து அவர்தான் பேசினார்.

"ருக்மணி, அவங்கள அவசரப்படுத்த வேண்டாமுங்க. நான் வேணா இன்னொரு நாளைக்கு வரட்டுங்களா?"

பெரியம்மாவுக்கு அவள் ருக்கு. பள்ளியில் மேடம். எனக்கு அம்மா. அவளுடைய முழுப்பெயரை இந்த வீட்டு வாசலில் யாராவது சொல்லிக் கேட்டு வெகுகாலமாகிறது. பெயரைக் கேட்டதும் அம்மா தலையைத் தூக்கினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் நான் பார்த்தேன்.

அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். தொங்கிக்கொண்டிருந்த சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல சக்கரமுங்க. கீழ படிதான் தட்டுது. இந்தப் பக்கம் நான் பிடிச்சா வந்துருமுங்க." நிமிர்ந்து, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "எக்கட்டுங்க அம்மிணி தூக்கோணும்? வெளியவா, உள்ளயா?"

இதை வெளியே கொண்டுபோகத்தான் மூன்று வாரமாக அறுத்தேன், இழைத்தேன், வார்னிஷ் அடித்தேன்.

"உள்ள" என்றேன்.

அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டார். துணிப்பையை ஷெட்டுத் தூணோரம் சாய்த்து வைத்தார். நானும் அம்மாவும் உள்பக்கம் பிடித்தோம். "ஒண்ணு, ரெண்டு" என்றார். மூன்று சொல்வதற்குள் அம்மா தூக்கிவிட்டாள். பெட்டி நிலைப்படியை விட்டு எழும்பியது. நாங்கள் பின்னால் நகர நகர, கனமான முனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்தார். கீழே பார்க்க முடியாத நிலையிலும் வலது காலை உயரத் தூக்கி, மஞ்சள் மேல் பாதம் படாமல், உள்ளே வைத்தார்.

பெட்டியை இறக்கினோம். நான் பிரேக்கை மிதித்தேன். மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

பெரியம்மாதான் எழுந்தாள். "பைய வெளியவே வெச்சுட்டு வந்துட்டாரு பாரு. அணில் கொதறிப்போடும்" என்று யாரிடமோ சொல்வது போல முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். பையோடு திரும்பி வந்து, திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"கொய்யா. பாத்துத்தான் வாங்கியிருக்கறாரு."

உட்கார இரண்டு நாற்காலி போட இடமிருந்தது. மேசை போட இல்லை. காபி டம்ளர்களை மெஷின் மேல் வைத்தோம். பிளேடைக் கீழே இறக்கிவிட்டிருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு வெளிக்கதவுக் கொண்டி சத்தம். இத்தனை நாளும் தெருமுனையிலேயே நின்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாராம். இன்று வாசலுக்கு வந்தார். நடைக்குக் கிளம்புமுன் நானும் அவருமாக மெஷினைத் தூக்கி ஷெட்டில் இறக்கினோம். கொக்கி போட மறந்த கீழ் டிராயர் சரிந்து வந்து அவர் முழங்காலில் இடித்தது. "பரவால்லீங்க, நல்ல வழுக்கலா இருக்குது" என்றார்.

விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளி அலமாரிகளுக்குப் பலகை அறுக்க ஆரம்பித்தேன். ஷெட்டில் காற்று தூளைத் தெருப்பக்கம் கொண்டுபோகிறது. மத்தியானச் சோற்றில் ஒன்றுமில்லை. பள்ளியிலிருந்து சாப்பிட வந்த அம்மா தட்டைச் சாய்த்துப் பார்த்து உறுதி செய்தாள்.

நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சாய்பலகை செய்து போட்டால் மெஷின் தானே உருண்டு போய்விடும். தூக்க ஆளே வேண்டாம். மிச்சப் பலகையில் அரை நாள் வேலை. அம்மாவிடம் சொன்னேன்.

சாயங்காலம் மெஷினை உள்ளே தூக்க ஆறு மணிக்கு வருவதாக அவர் சொல்லியிருக்கிறாராம். நாளைக் காலையும் வருவாராம்.

"சாய்பலகைக்கு இப்ப என்ன அவசரம்?" என்றாள்.

எனக்கும் அவசரமில்லை.